பைபாஸில் முளைத்த ஊர்

சாத்தனேந்தலுக்குக் கிழக்கே, கண்மாய்க்கும் பனங்காட்டுக்கும் நடுவில் யாரும் சட்டை பண்ணாமல் கிடந்த மண்மேட்டைப் பொக்லைன் வைத்து வழித்து, செம்மண் கொட்டி, ரோலர் ஓட்டி, நாலு லாரி பக்கத்துப் பக்கத்தில் போகிற அகலத்துக்குப் பைபாஸ் ரோட்டுக்காகச் சமப்படுத்தி முடித்த வாரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பிடித்த மழை விடாமல் பெய்து ஒரு காலையில் வெறித்ததும், ஆடு பத்திக்கொண்டு போனவர்கள் பாதியில் திரும்பி வந்து, வேலியோரம் காளான் முளைத்திருக்கிறது என்று சொல்கிற அதே குரலில், புது ரோட்டில் சுவர் முளைத்திருக்கிறது என்று சொன்னார்கள்.

ஊர் போய்ப் பார்த்தது. முளைத்துத்தான் இருந்தது. இப்போதைய செங்கல்லைவிட நீளமும் அகலமுமான, நன்றாகச் சுட்ட பழஞ்செங்கல்; நாற்றங்காலில் நெல் எழும்புகிற மாதிரி செம்மண்ணைப் பிளந்துகொண்டு விரல் உயரத்துக்கு எழும்பி, இங்கே ஓர் அறை, அங்கே ஒரு முற்றம், நடுவில் ஒரு தெரு, தெருவோரம் ஒரு சாக்கடை, மூலையில் ஓர் உறைகிணற்றின் வட்ட வாய் என்று கோலம் போட்டதுபோல ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பரவியிருந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. மழைக்கு மறுநாள் அந்த மேட்டில் பாசிமணியும் பானையோடும் பொறுக்காத ஆள் சாத்தனேந்தலில் கிடையாது. உள்ளே ஏதோ ஒன்று படுத்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

"ஆழமா உழுதாய்ங்க, மண்ணப் பொடியாக்குனாய்ங்க, மேல நல்ல மழையும் பேஞ்சிருக்கு. மொளைக்காம என்ன செய்யும்?" என்றான் சன்னாசி, குத்தவைத்துச் சுவரைத் தடவிக்கொண்டே. 'குட்டியானை' என்று எல்லாரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன் அவன். எதைப் பார்த்தாலும் முதலில் தொட்டுப் பார்ப்பான்.

அவன் பெண்டாட்டி வெள்ளைத்தாய்க்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. "மொளைக்கிறதுக்கு வேற எடமா இல்ல?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

வெள்ளைத்தாய் ஒரு காலத்தில் வார்டு மெம்பர். பதவி போய் வருசங்களான பிறகும் ஊருக்கு அவள் மெம்பரக்காதான். அந்த ரோடு அவள் கேட்டு வாங்கிய ரோடு. அவளுடைய தம்பி மாயழகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று, ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டவளை ரயில்வே கேட் நிறுத்திவிட்டது. ஒரு சரக்கு ரயில், அவசரமே இல்லாத ரயில், பெட்டிக்கு அப்புறம் பெட்டியாகக் கரியையும் சிமிண்டையும் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. கேட் திறந்தபோது ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பவில்லை, திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். காரியம் முடிந்த மறு திங்கட்கிழமை மனு கொடுக்கப் போனவள் அதற்கப்புறம் எத்தனை திங்கட்கிழமை போனாளோ, கலெக்டர்கள் மாறினார்கள், ஆபீஸ் வாசலில் இருந்த காவல்காரர் ஓய்வு பெற்று அந்த இடத்துக்கு அவர் மகன் வந்தார், கடைசியில் தண்டவாளத்துக்கு மேலே பாலமும் பாலத்தோடு சேர்ந்து பைபாஸும் வந்தன. பாலம் கட்டி முடித்து அந்தரத்தில் நின்றது. அதோடு சேர்கிற ரோட்டை ஓர் ஊர் வந்து மறித்துக்கொண்டு முளைத்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

பொக்லைன் ஓட்டுகிற சிக்கந்தர் கடையநல்லூர்க்காரர். மேட்டை வழித்தவரும் அவர்தான். மேஸ்திரி சொன்னதற்காகவும் மெம்பரக்கா பக்கத்திலேயே நின்றதற்காகவும் இரண்டு சுவரைப் பெயர்த்து டிப்பரில் அள்ளிப் போட்டார். மறுநாள் பெயர்த்த இடத்தில் அதே சுவர், ஒரு சாண் கூடுதலாக நின்றது. அதுகூடப் பரவாயில்லை, அள்ளிக்கொண்டு போன கல், முருங்கைக் கொம்பை எங்கே ஒடித்துப் போட்டாலும் துளிர்ப்பதுபோல, கொட்டிய இடத்திலெல்லாம் வேர்விட்டுவிட்டது. பள்ளத்தை மூடக் கல் வாங்கிப்போன தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு குளியலறை முளைத்தது. காண்ட்ராக்டர் தன் புது வீட்டு அஸ்திவாரத்தில் போட்ட கல், ஹாலுக்கு நடுவில் உறைகிணறாக எழும்ப, அவர் வீட்டம்மா வாளி விட்டுப் பார்த்தார். தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது.

"இனிமே நான் தொட மாட்டேன்க்கா," என்றார் சிக்கந்தர். "ஒண்ண ஒடைச்சா ஒம்பதா மொளைக்குது. எங்க ஊர்ப் பக்கம் போற லாரியில ஒரு கல்லு தவறி விழுந்துச்சுன்னா எங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அதற்கப்புறம் யாரும் தடுக்காததால் முளைத்த ஊர் தன்பாட்டுக்கு வளர்ந்தது. முழங்காலுக்கு வந்தபோது ஆடு கட்டினார்கள். இடுப்புக்கு வந்தபோது மிளகாய் வத்தல் காயப்போட்டார்கள். நாலு பக்கமும் சுவர் இருந்ததால் காற்றுக்குப் பறக்காமல் அருமையாகக் காய்ந்தது. நெஞ்சுக்கு வந்தபோது, மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாத பேரின்பம் என்கிறவள் ஓர் அறையைப் பிடித்துத் தென்னங்கீற்று வேய்ந்து அடுப்பு மூட்டிக் காப்பி விற்றாள். அவளைப் பார்த்து முடிவெட்டுகிற தங்கமாரி தெரு முனையில் கண்ணாடி மாட்டினார். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே முற்றத்தில் கொடிக்கம்பம் நட்டு, வெயில் நேரத்தில் ஒரே சுவரின் நிழலைப் பங்கு போட்டு உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுவரோரம் அகப்பட்ட வட்டச்சில்லுகளைப் பொறுக்கி அந்தத் தெருவிலேயே கட்டம் போட்டுப் பாண்டி ஆடினார்கள். மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்தும் சில்லுகளுக்கு ஆட்டம் மறக்கவில்லை, கோட்டில் விழுந்தாலும் மெல்ல நகர்ந்து கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டன, அதனால் யாரும் தோற்கவில்லை, யாரும் தோற்காததால் ஆட்டம் முடியவில்லை, ஆட்டம் முடியாததால் தாய்மார்கள் சோற்றைப் போசியில் எடுத்துக்கொண்டு போய் அங்கேயே ஊட்டிவிட்டு வந்தார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் பழைய சாக்கடையில் சுழித்துக்கொண்டு ஒரு சொட்டுத் தேங்காமல் கண்மாய்க்கு ஓடியதைப் பார்த்து, பஞ்சாயத்து போட்ட சாக்கடையை நினைத்து ஊர் பெருமூச்சு விட்டது.

தொல்லியல் துறையிலிருந்து தமயந்தி வந்தாள். முன்னால் இரண்டு கோடையில் அந்த மேட்டில் குழி போட்டுப் பார்த்தவள், அதனால் ஊருக்கு அவள் குழிக்காரம்மா. ரோடு போடும் முன்பே இந்த இடத்தை விட்டுவிடச் சொல்லி எழுதி எழுதிக் கை ஓய்ந்தவள். முளைத்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மேல இருக்கறது புதுசு, கீழ போகப்போகப் பழசு. இதுதாங்க எங்க படிப்பே," என்றாள் பேரின்பத்திடம் காப்பி வாங்கிக் குடித்தபடி. "இங்க பழசு எல்லாம் மேல வருது. குழிக்குள்ள இறங்கறதுக்கு வாங்குன ஏணியில இப்ப ஏறி நிக்கிறேன்."

வெள்ளைத்தாய் அந்தப் பக்கம் காப்பி குடிக்கப் போகவில்லை. மரத்தில் ஓட்டை போட்டுப் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்று கேள்விப்பட்டிருந்ததால், கட்டிப் பெருங்காயமாக வாங்கிவந்து சுவர்களின் இடுக்குகளில் திணித்தாள். சுவர் பட்டுப்போகவில்லை, தெரு முழுக்க சாம்பார் வாசம் அடித்தது, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பசி எடுத்தது. வீட்டில் ரசம் பெருங்காயம் இல்லாமல் சப்பென்று இருந்தது.

"கட்டுனவனுக்கு ரசத்துல போட இல்ல, செவத்துக்கு வச்சு விடுறியா?" என்று சன்னாசி இலையிலிருந்து எழுந்தான்.

"அந்தச் செவரு என் தம்பிய மறிச்சுக்கிட்டு நிக்குதுய்யா."

"மாயழகு போயி எத்தன வருசமாச்சு. அவனையா மறிக்குது?"

"அடுத்து ஒருத்தன் போவான்ல, அவன மறிக்குது."

சன்னாசிக்குக் கோபம் வந்தது. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய், முளைத்த தெருவின் கடைசி வீட்டில் குடியேறினான். மச்சினனைத் தூக்கி வளர்த்தவன் அவன்; அந்தப் பேச்சு வாயிலிருந்து விழுந்ததற்காக அவனுக்கே அவன்மேல் வெறுப்பாக இருந்தது, ஆனாலும் அந்த வீடு குளுகுளுவென்று இருந்ததால் நன்றாகத் தூங்கினான்.

மார்கழியில் இன்ஜினியர் ஸ்டீபன் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். நாகர்கோவில்காரர், எப்போதும் மன்னிப்புக் கேட்கிற முகம். "கோடு நான் போட்டது இல்ல, மேலருந்து வந்த கோடு," என்று ஆரம்பித்தார். மேலேயிருந்து இரண்டு யோசனை வந்திருந்தது. ஒன்று, முளைத்ததை எல்லாம் அப்படியே வைத்துக் கான்கிரீட் ஊற்றி மூடுவது. ஓர் அறையில் ஏற்கெனவே ஊற்றிப் பார்த்திருந்தார்கள், பலித்துவிட்டது, அந்த அறை வளர்வதை நிறுத்தி, சாம்பல் பூத்து, ஆடுகூட ஒதுங்காத வெறும் திட்டாகக் கிடந்தது. இன்னொன்று, ரோட்டையே கைவிட்டு, பாலத்தை நின்ற இடத்தில் நிற்கவிட்டுப் போய்விடுவது. பொங்கல் கழிந்ததும் இரண்டில் ஒன்று.

"ஊத்துங்க," என்றாள் வெள்ளைத்தாய்.

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவள் எத்தனை திங்கட்கிழமை போனாள் என்பது எல்லாருக்கும் தெரியும். தமயந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரின்பம் மட்டும், "என் அடுப்பு அணையாம இருக்குதுக்கா," என்று மெதுவாகச் சொன்னாள்.

அன்று வீட்டுக்குப் போன வெள்ளைத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. ஊற்றச் சொன்னவள்தான், ஆனால் ஊற்றிய அறையையும் பார்த்திருந்தாள், பாடை கட்டி வைத்ததுபோல அது கிடந்தது. தங்கள் மல்லிகைத் தோட்டத்துக் கேணியில் காலைத் தொங்கப் போட்டு யோசித்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று தோன்றியது. விவசாயம் பார்க்கிறவளுக்குத் தோன்ற வேண்டியதுதான்: முளைத்ததைப் பறித்து நட்டால் என்ன? நாற்றைப் பறித்து நடுவதில்லையா, ஊரை நட்டால் ஆகாதா?

சிக்கந்தரிடம் கெஞ்சிக் கூத்தாடி, உடைக்காமல், அடிமண்ணோடு சேர்த்து, வாசலும் படியுமாக ஒரு வீட்டின் மூலையைப் பெயர்த்து எடுத்துவந்து தன் தோட்டத்து ஓரத்தில் நட்டாள். நிழல் கட்டினாள். கேணித் தண்ணீரைக் காலையும் மாலையும் விட்டாள். முதலில் வாடினதுபோல இருந்த செங்கல் ஒரு வாரத்தில் சிவந்து, புது வரிசை விட்டது. வேர் பிடித்துவிட்டது! அவள் சந்தோசத்தைச் சொல்லி முடியாது. ஊர் முழுவதையும் இப்படிப் பெயர்த்துப் பொட்டலில் நட்டுவிடலாம், ரோடு ரோடாகப் போகும், ஊர் ஊராக இருக்கும். இதை முதலில் யாரிடம் சொல்வாள்? கோபத்தை எல்லாம் மறந்து, கையில் மண்ணோடு சன்னாசியைத் தேடி முளைத்த தெருவுக்கு ஓடினாள்.

ஓடிய வேகத்தில் அவன் இருந்த வீட்டு வாசற்படியில் கால் இடறி, அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுளுக்கு ஒன்றும் இல்லை. படியின் நடுப்பகுதி குழிந்திருந்தது, தட்டையாக இருக்கும் என்று நினைத்து வைத்த கால் ஏமாந்துவிட்டது.

"விழுந்துட்டியா?" என்று சன்னாசி வெளியே வந்தான்.

"இந்தப் படி ஏன்யா இப்படிக் குழிஞ்சு கெடக்கு?"

"மிதிச்சு மிதிச்சுத்தான். அந்தா, அடுப்புல கரி ஒட்டியிருக்கு பாரு. பானை வச்ச எடத்துல வட்டமாத் தடம் இருக்கு. இருந்திருக்காய்ங்க, வாழ்ந்திருக்காய்ங்க."

வெள்ளைத்தாய் தன் பாதத்தை அந்தக் குழிவில் வைத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது. தோட்டத்தில் நட்ட வாசலிலும் ஒரு படி உண்டு, பெயர்க்கும்போது அதுவும் இதேபோலக் குழிந்துதான் இருந்தது, அவளே பார்த்தாள். வேர் பிடித்த பிறகு அது நிமிர்ந்து, இப்போது அறுத்துவந்த பலகை மாதிரி மட்டமாக நிற்கிறது. அங்கே அடுப்பும் இல்லை, கரியும் இல்லை, சுவர் மட்டும் சுத்தமாக, கழுவிவிட்டதுபோல வளர்கிறது. அங்கே முளைத்தது செங்கல். இந்தப் படியில் ஆட்கள் இருந்தார்கள். காலையில் வேலைக்கு இறங்கிப் போனவர்கள், பிள்ளையைக் கூப்பிட வந்து நின்றவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த யாரையோ தூக்கிக்கொண்டு பதறி ஓடியவர்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா, வழியில் எது மறித்ததோ, கேட்க ஆள் இல்லை. அவள் படியைத் தடவிக்கொண்டு அழுதாள். ஆட்டோவில் அழாத அழுகை, காரியத்தில் அழாத அழுகை, அத்தனை திங்கட்கிழமைகளில் வரிசையில் நின்றபோது அடக்கிவைத்த அழுகை எல்லாம் அந்தப் படியில்தான் இறங்கியது. சன்னாசி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளைத் தொட்டுக்கொண்டான்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடி," என்றான்.

"விடு," என்றாள் அவள், முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அந்த இன்ஜினியரு எங்க இருக்காருன்னு பாரு. கோடு எங்கெங்க வளையும்னு கேக்கணும்."

மறுநாள் அதே பள்ளிக்கூடம், அதே கூட்டம். ஸ்டீபன் வரைபடத்தை விரித்தார். வடக்கே வளைத்தால் கண்மாய். கண்மாயில் ரோடு போட்டால் மழைக்காலத்தில் படகு விட வேண்டும். தெற்கே தள்ளி வளைத்தால் பனங்காட்டு அய்யனார். அய்யனாரின் குதிரையை நகர்த்து என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் துணிச்சல் இல்லை. முளைத்த ஊருக்கும் அய்யனாருக்கும் இடையில் ஒரே ஒரு துண்டு நிலம் பச்சையாக இருந்தது. அது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"எதுக்கு எல்லாரும் ஓட்ட எண்றீக?" என்றாள் வெள்ளைத்தாய். "என் மல்லியத் தோட்டம்தான. அதுல போடுங்க."

"அக்கா, முழுத் தோட்டமும் போகும்," என்றார் ஸ்டீபன்.

"தெரியுது."

"கேணியும் போகும்."

அவள் சன்னாசியைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் இரண்டு பேருமாக, ஆள் வைக்காமல் வெட்டிய கேணி அது. பாறை வந்தபோது ஊரே போதும் என்றது, இவர்கள் விடவில்லை. சன்னாசி தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"கேணியும்தான்," என்றான்.

தமயந்தி எழுந்து வந்து வெள்ளைத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா, காப்பி குடிப்போம்," என்றாள்.

மேலே இருந்தவர்கள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டால், இல்லைதான். போட்ட கோடு போட்டதுதான் என்றார்கள். காண்ட்ராக்டரே ஒரு வாளித் தண்ணீரோடு போய் அவர்கள் மேசையில் வைத்து, இன்னும் எத்தனை பேர் வீட்டில் கிணறு முளைக்கவேண்டும் என்று கேட்டதாகப் பேச்சு. கோடு வளைந்தது. வளைந்த அன்றே முளைத்த ஊர் வளர்வதை நிறுத்திக்கொண்டது, ஆள் உயரத்துக்கு ஒரு கை மேலே. கான்கிரீட் ஊற்றிய அறையைச் சிக்கந்தரும் ஊராரும் உளிவைத்துக் கொத்தி விடுவித்தார்கள். அது மெதுவாக மூச்சு வந்து எழும்பியது, ஆனால் மற்ற அறைகளின் உயரத்தைக் கடைசிவரை எட்டவில்லை. பேரின்பமும் தங்கமாரியும் கட்சிக்காரர்களும் தமயந்தி கேட்டுக்கொண்டபடி தெருவைக் காலிசெய்து கொடுத்து, வேலிக்கு வெளியே கடை போட்டார்கள். சில்லுகளை மட்டும் பிள்ளைகள் கொடுக்கவில்லை. தமயந்தியும் கேட்கவில்லை, கொஞ்ச நாள் அவளும் ஆடினாள்.

மல்லிகைத் தோட்டத்தை வழிக்கிற அன்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் விடிந்ததும் வந்து மொட்டு, மலர் என்று பார்க்காமல் பறித்துத் தொடுத்து, ஆளுக்கொரு முழம் வைத்துக்கொண்டார்கள். மிச்சத்தைப் பொக்லைனுக்குச் சுற்றினார்கள். சிக்கந்தர் அழுதுகொண்டே ஓட்டினார். ஓரத்தில் நட்டிருந்த மூலைச்சுவரை யாருக்கும் தொட தைரியம் இல்லாததால் அது ரோட்டோரத்தில் அப்படியே நின்றது. பிறகு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதன் நிழலில் ஒதுங்க, அது பஸ் ஸ்டாப் ஆகிவிட்டது.

ரோடு திறந்த காலையில், மாலை மரியாதை எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, சன்னாசி குட்டியானையைக் கொண்டுவந்து நிறுத்தினான். வெள்ளைத்தாய் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். பாலத்தில் ஏறும்போது கீழே ரயில்வே கேட் அடைத்திருந்தது, ஒரு சரக்கு ரயில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கடைசிப் பெட்டிவரை தலையைத் திருப்பிப் பார்த்தாள். பாலம் இறங்கியதும் ரோடு நேரே போகாமல் முளைத்த ஊரைச் சுற்றிக்கொண்டு, தங்கள் தோட்டம் இருந்த இடத்துக்குள் சாய்ந்து வளைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் செங்கல் தெரு வெயிலில் சிவந்து கிடந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆம்புலன்சில் மடியில் ஒரு தலையை வைத்துக்கொண்டு யாராவது இந்த வழியே வருவார்கள்.

"ஏய்யா, இப்படிச் சுத்திக்கிட்டுப் போறதால எம்புட்டு நேரம் வீணாகும்?" என்று கேட்டாள்.

சன்னாசி ஸ்டியரிங்கை ஒடித்து, திரும்ப நிமிர்த்தினான். வண்டி நேர்ரோட்டுக்கு வந்திருந்தது.

"இப்பக் கேட்டேல்ல," என்றான், "அம்புட்டு நேரம்."